கணவருக்கு முதல் பனிச்சறுக்கு வாரம்: எந்த ஊருக்குப் போவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மியூனிக்கில் படிக்க வந்தபோது ஸ்கீ கற்றுக்கொண்டீர்கள். இப்போது நடுத்தரக் கடினமான சிவப்புப் பாதைகளில் தயங்காமல் இறங்குகிறீர்கள், அவ்வப்போது மிகக் கடினமான கறுப்பிலும். கணவர் போன வருஷம்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்தார், ஸ்கீ பூட்டைக் காலில் மாட்டியதே இல்லை, சைவம். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ இருவருக்கும் சேர்ந்தாற்போல ஒரு வாரம் விடுமுறை கிடைக்கும். ஆஸ்திரியாவின் சாங்க்ட் ஆன்டன், இஷ்கல், ஸோல்டன் மூன்றில் எது என்று கேட்கிறீர்கள். உங்களுக்குச் சலிக்கவும் கூடாது, அவர் மிரண்டுபோகவும் கூடாது.

மூன்றும் வேண்டாம் என்பதுதான் என் பதில். பிரென்னர் கணவாயைத் தாண்டி இத்தாலியின் டோலோமைட் மலைகளுக்குப் போங்கள். அங்கே அல்டா பாடியா பள்ளத்தாக்கில் கொர்வாரா அல்லது கொல்ஃபோஸ்கோவில் அறை எடுங்கள். மார்ச் முதல் பாதியில் போங்கள். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேறு காரணத்தால் வேறு ஊருக்குப் போக நேர்ந்தாலும் எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று அப்போது தெரியும்.

எந்த ஊரின் விளம்பரத்திலும் முதலில் கண்ணில் படுவது மொத்தப் பாதை நீளம். சாங்க்ட் ஆன்டன் இருக்கும் ஆர்ல்பெர்க் பகுதியில் சுமார் 300 கிலோமீட்டர், டோலோமைட் மலைகளுக்கான லிஃப்ட் சீட்டான டோலோமிட்டி சூப்பர்ஸ்கி பாஸில் 1,200 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். உங்களுக்கு அந்த எண் ஓரளவு பொருள்படும். உங்கள் கணவருக்கு முதல் இரண்டு நாள் தேவைப்படுவது சில நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய சரிவும், நின்றபடியே மேலே ஏற்றிச்செல்லும் நகரும் கம்பளமும்தான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவர் முதல் நாற்காலி லிஃப்ட்டில் ஏறி, எளிதான வகையான நீலப் பாதை ஒன்றில் இறங்குவார். வாரக் கடைசியில் இரண்டு மூன்று நீலப் பாதைகளைத் தன்னம்பிக்கையோடு திரும்பத் திரும்பப் போவார். பெரும்பாலான பெரியவர்களுக்கு முதல் வாரம் இப்படித்தான் போகும்; சிலர் வேகமாகவும் சிலர் மெதுவாகவும் நகர்வார்கள்.

ஆகவே ஒரு ஊரை எடைபோடும்போது நான் பார்ப்பது மூன்று. கற்கும் சரிவு எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது? அந்தச் சரிவை முடித்தபின் அடுத்த படியாக நீளமான, அகலமான, உண்மையிலேயே எளிதான நீலப் பாதை பக்கத்தில் உண்டா? மாலையில் அவர் ஊருக்குள் எப்படித் திரும்புவார்? முதல் கேள்விக்குப் பல ஊர்கள் நல்ல பதில் வைத்திருக்கின்றன. இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் பெரிய பெயர் வாங்கிய ஊர்கள் தோற்கின்றன.

இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். கம்பளச் சரிவில் இரண்டு நாள் நன்றாகச் செய்தவர் அடுத்து எங்கே போவது என்பதுதான் பிரச்சினை. அந்தச் சரிவுக்கும் ஊரின் மிக எளிதான நீலப் பாதைக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால், மூன்றாம் நாள் அவர் நடுங்கிக்கொண்டே நிற்பார். முதல் நாள் விழுந்து எழுவதில் ஒரு உற்சாகம் இருக்கும். மூன்றாம் நாள் கால்கள் களைத்திருக்கும்போது செங்குத்தான ஒரு இடத்தின் விளிம்பில் மாட்டிக்கொண்டவர்கள்தான் இந்த விளையாட்டே வேண்டாம் என்று முடிவு கட்டுகிறார்கள்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆல்ப்ஸ் நாடுகளில் நீலம் என்றால் பொதுவாக 25 சதவீதச் சரிவுக்குள், சிவப்பு என்றால் 40 சதவீதத்துக்குள், அதற்கு மேல் கறுப்பு. சின்னச் சின்ன இடங்களில் அந்த அளவைத் தாண்டினாலும் நிறம் மாறாது. கற்பவருக்குப் பயம் தருவது அந்தச் சின்ன இடம்தான். பிரான்சில் நீலத்துக்குக் கீழே பச்சையும் உண்டு. ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் நீலத்திலிருந்தே தொடங்குவதால், ஒரே நிறத்துக்குள் மிக மெல்லியதும் கொஞ்சம் கடினமானதும் கலந்திருக்கும். அப்புறம், ஒவ்வொரு ஊரும் தன் மலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் நிறம் கொடுக்கிறது. சாங்க்ட் ஆன்டனின் சில நீலங்களை வேறு ஊரில் கொண்டுபோய் வைத்தால் சிவப்பு என்றே சொல்வார்கள்.

இன்னொரு வகை நீலம் வரைபடத்தில் எளிதாகத் தெரியும்: காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் குறுகிய வண்டிப்பாதை. சரிவு குறைவுதான். ஆனால் ஒரு பக்கம் பள்ளம், அகலம் நாலைந்து மீட்டர், திரும்ப இடமில்லை. கற்பவருக்குத் தெரிந்த ஒரே பிரேக் ஸ்கீக்களை முன்னால் குவித்து, பின்னால் விரித்து, V போல வைத்துக்கொள்வது. அப்படியே ஒரு கிலோமீட்டர் போனால் தொடை எரியும், பின்னாலிருந்து வேகமாக வருபவர்கள் உரசிக்கொண்டு போவார்கள். வரைபடத்தில் நீலக்கோடு அதிகமாக வளைந்து நெளிந்தால் அது இந்த ரகமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஊரின் கேமராப் படங்களிலும், ஆட்கள் எடுத்துப் போடும் வீடியோக்களிலும் அந்தப் பாதையின் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது கேள்விதான் நான் அதிகம் வலியுறுத்துவது. மாலை மூன்றரை, நான்கு மணிக்கு மலையிலுள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் ஊருக்குள் இறங்குவார்கள். நாள் முழுக்கத் தேய்ந்த பனி அந்த நேரத்தில் சில இடங்களில் குவியலாகவும் சில இடங்களில் கெட்டியான பனிக்கட்டியாகவும் இருக்கும். வெளிச்சம் குறையும். ஆஸ்திரியாவின் சில ஊர்களில் பாதை ஓரக் கடைகளில் பியர் குடித்துவிட்டு வருபவர்களும் அதே கூட்டத்தில் இருப்பார்கள். அன்றைக்கு உங்கள் கணவர் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், இந்தக் கடைசி இருபது நிமிஷம் அதை அழித்துவிடும். ஆகவே மேலிருந்து கோண்டோலாவில் (கம்பியில் தொங்கும் மூடிய கூண்டு லிஃப்ட்) உட்கார்ந்து இறங்கிவர வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் கற்கும் சரிவு ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். சில நாற்காலி லிஃப்ட்டுகளில் கீழ்நோக்கிப் பயணிக்க விடமாட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். கோண்டோலாவில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை.

உயரம் பற்றியும் ஒரு சொல். "உயரம் அதிகமானால் பனி நிச்சயம்" என்பது உண்மைதான். ஆனால் மரம் இல்லாத உயரத்தில் மேகம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும், சரிவு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்கு அது எரிச்சல். முதல்முறை நிற்பவருக்குத் தலைசுற்றலே வரும். மரங்கள் இருந்தால் கண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. மறுபுறம், 1,000 மீட்டருக்கும் கீழே உள்ள ஊர்களில் இன்றைய குளிர்காலங்களில் மழை சகஜம். 1,500 முதல் 2,000 மீட்டர் வரை, பக்கத்தில் மரங்களோடு இருக்கும் கற்கும் பகுதியே எனக்குப் பிடித்தது. இன்னொன்று: நல்ல ஸ்கீ ஆட்கள் புதிதாக விழுந்த பவுடர் பனிக்காக ஏங்குவார்கள். கற்பவருக்கு அது இடைஞ்சல்தான். இரவில் இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த மட்டமான பனிதான் அவருக்கு வேண்டியது. அதைச் செயற்கைப் பனியை வைத்தும் நன்றாகவே அமைக்க முடியும்.

இனி உங்கள் பட்டியல். சாங்க்ட் ஆன்டன் ஸ்கீ வரலாற்றில் பெரிய பெயர். ஆர்ல்பெர்க் ஸ்கீ சங்கம் 1901-லேயே தொடங்கியது, ஹான்னஸ் ஷ்னைடர் தன் பயிற்சி முறையை வளர்த்ததும் அங்கேதான். உங்களுக்கு ஒரு வாரம் போதாது. ஆனால் நான் மேலே சொன்ன மாலை நேரத்து நெரிசலுக்கு அதுவே சரியான உதாரணம். ஆர்ல்பெர்க்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், அதே பாஸில் வரும் லெக்கில் தங்குங்கள். அதற்கு மேலே உள்ள ஓபர்லெக்கின் சரிவுகள் வெயில் படுபவை, அகலமானவை. 2016-இல் ஃப்ளெக்ஸன் லிஃப்ட் வந்ததிலிருந்து நீங்கள் மட்டும் ஸ்கீயிலேயே சாங்க்ட் ஆன்டன் போய்த் திரும்பலாம். தடையாக இருப்பது விலை. லெக் ஆஸ்திரியாவின் மிக விலை கூடிய ஊர்களில் ஒன்று.

இஷ்கலில் கற்கும் பகுதி இடால்ப் என்ற மேட்டில், சுமார் 2,300 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலாவில் போய்க் கோண்டோலாவில் திரும்பலாம் என்பது நல்லது. ஆனால் அந்த மேடுதான் அந்த மலையின் நாற்சந்தி; எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் பாய்ந்து வந்து கூடுமிடம். ஊரின் மனநிலையும் இரவுக் கொண்டாட்டத்தைச் சுற்றியது. ஸோல்டனிலும் கிட்டத்தட்ட இதே கதை: ஜிக்கியோக்கில் உயரத்தில் நல்ல அகலமான சரிவு இருக்கிறது, கூட்டமும் அதிகம்.

ஸோல்டனைப் பற்றி யோசித்தீர்கள் என்றால், அதே ஓட்ஸ்டால் பள்ளத்தாக்கின் கடைசியில் உள்ள ஓபர்குர்கல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊரே 1,930 மீட்டரில் இருக்கிறது, பனி அனேகமாக நிச்சயம், கூட்டம் குறைவு, பாதைகள் நிதானமானவை. இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே பாஸும் வாங்கலாம். ஒரு நாள் நீங்கள் மட்டும் பஸ் பிடித்து ஸோல்டனின் 3,000 மீட்டர் சிகரங்களுக்குப் போய்வரலாம். அல்டா பாடியாவுக்கு அடுத்து என் இரண்டாம் தேர்வு இதுதான். பிப்ரவரி மாதமே விடுமுறை கிடைக்கிறது, கட்டாயம் நல்ல பனி வேண்டும், எல்லை தாண்டிப் போக நேரமில்லை என்றால் இதையே முதலாவதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் மிகச் சின்னது. ஸ்கீ தவிர வேறு பொழுதுபோக்கு அதிகமில்லை. மரம் இல்லாத உயரம் என்பதையும் மறக்க வேண்டாம்.

செர்ஃபாவுஸ்-ஃபிஸ்-லாடிஸ் பகுதியையும் பலர் பரிந்துரைப்பார்கள். கற்பதற்கு அருமையான இடம். சின்ன ஊரான செர்ஃபாவுஸுக்குள் கார் ஓடக்கூடாது என்பதற்காக 1985-இல் நிலத்தடி ரயிலே போட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே எல்லாம் குழந்தைகளை மையமாக வைத்தே நடக்கிறது. குழந்தைகளோடு போகும் காலம் வந்தால் முதலில் அதைத்தான் சொல்வேன்.

சரி, அல்டா பாடியா ஏன்?

கொர்வாரா 1,568 மீட்டரிலும் கொல்ஃபோஸ்கோ 1,645 மீட்டரிலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரு கோண்டோலா இணைக்கிறது. கொல்ஃபோஸ்கோவில் ஊரை ஒட்டியே மெல்லிய கற்கும் சரிவுகள் இருக்கின்றன. தலைக்கு மேலே சாஸொங்கர் பாறை நெட்டுக்குத்தாக நிற்கும். கொர்வாராவிலிருந்து கோல் ஆல்டோ கோண்டோலாவில் ஏறினால், கொர்வாரா, லா வில்லா, சான் கஸ்ஸியானோ ஊர்களுக்கு நடுவே விரிந்து கிடக்கும் பீடபூமிக்குப் போய்விடலாம். அங்கேயுள்ள பாதைகளில் பெரும்பகுதி அலை அலையான, அகலமான நீலம். அல்டா பாடியாவின் மொத்தப் பாதைகளில் பாதிக்கு மேல் நீலம்தான். கற்கும் சரிவிலிருந்து அடுத்த படிக்கு இடைவெளியே இல்லாத இடம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். மாலையில் களைத்துப்போனால் கோண்டோலாவிலேயே ஊருக்கு இறங்கலாம்.

வாரக் கடைசிக்கு ஒரு இலக்கும் அங்கே தயாராக இருக்கிறது. கார்தேனா கணவாய்ப் பக்கமிருந்து கொல்ஃபோஸ்கோவுக்கு இறங்கிவரும் பாதை நீளமானது, நிதானமானது. செல்லா பாறைத் தொகுதியைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வரலாம். ஐந்தாம் நாள் காலை, கூட்டம் வருவதற்கு முன் கோண்டோலாவில் மேலே போய் இருவரும் ஒன்றாக அதில் இறங்குங்கள். ஸ்கீ என்றால் என்ன, நீங்கள் ஏன் ஒவ்வொரு குளிர்காலமும் இதற்காக ஓடுகிறீர்கள் என்பது அவருக்கு அந்த ஒரு இறக்கத்தில் புரிந்துவிடும். மதியத்துக்கு மேல் அந்தப் பாதையைத் தவிருங்கள். செல்லா மலைத்தொகுதியைச் சுற்றிவரும் செல்லா ரோண்டாப் பாதையில் போகும் கூட்டம் அதில்தான் வரும்.

உங்களுக்கு என்ன கிடைக்கும்? கொர்வாரா அந்த செல்லா ரோண்டாச் சுற்றின் மேலேயே இருக்கிறது. செல்லா மலைத்தொகுதியைச் சுற்றி, கார்தேனா, செல்லா, போர்தோய், கம்போலோங்கோ என்ற நான்கு கணவாய்கள் வழியாக, லிஃப்ட்டுகளையும் சேர்த்து சுமார் 40 கிலோமீட்டர். கடிகாரத் திசையில் போனால் ஆரஞ்சுப் பலகை, எதிர்த்திசையில் பச்சைப் பலகை. காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் நிதானமாக முடிக்கலாம். கடைசிக் கணவாயை மூன்றரை மணிக்குள் தாண்டிவிட வேண்டும். தவறினால் வேறு பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டு டாக்சிக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டிவரும். வழியில் அரப்பா ஊரில் போர்தா வெஸ்கோவோ மலையின் வடக்கு முகம் உங்களுக்குப் பிடிக்கும். அங்கிருந்து மார்மோலாடா பனியாற்றுக்கும் போகலாம், 3,265 மீட்டர் வரை லிஃப்ட் உண்டு. லா வில்லாவில் கிரான் ரீசா இருக்கிறது. 1985 முதல் உலகக் கோப்பைப் போட்டி நடக்கும் கறுப்புப் பாதை. மார்ச் காலையில் கெட்டியான பனியில் அதில் இறங்கிப் பார்த்தால் சலிப்பு என்ற பேச்சே வராது. பவுடர் பனிக்காகவும், பாதைக்கு வெளியே சுற்றுவதற்காகவும் மட்டுமே நீங்கள் போகிறீர்கள் என்றால் ஆர்ல்பெர்க் இதைவிட மேல், அதை மறுக்க மாட்டேன். டோலோமைட்டில் இயற்கைப் பனி குறைவாகவே விழும் குளிர்காலங்கள் உண்டு. அதை ஈடுகட்டத்தான் பெரும்பாலான பாதைகளில் செயற்கைப் பனி வசதி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து வால் கார்தேனா பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் ஆல்பே டி சியூசி பீடபூமியைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். கற்பவருக்கு அதைவிட இனிமையான இடம் ஆல்ப்ஸில் குறைவு. 50 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த மலைப் புல்வெளி, வெயில், தூரத்தில் சாஸோலுங்கோ மலை. ஆனால் அங்கே தங்கினால் நீங்கள் கடினமான பாதைகளுக்குப் போக ஒவ்வொரு முறையும் கீழே ஓர்டிசேய் ஊருக்கு இறங்கி ஊரைக் கடக்க வேண்டும். அவருடைய வசதி மட்டுமே முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்தால் தாராளமாக அங்கே போங்கள்.

சாப்பாட்டை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. குளிரில் நாள் முழுக்க உடம்பை வருத்தும் ஒருவருக்கு மதியம் சூடாக, வயிறு நிறையக் கிடைக்க வேண்டும். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்துப் பல மலைக் குடில்களில் சைவம் என்றால் பொரித்த உருளைக்கிழங்கும் சீஸ் நூடுல்ஸும்தான். அல்டா பாடியா இருக்கும், இத்தாலியின் தெற்கு டிரோலில் நிலைமை நல்லது. கீரையும் ரிக்கோட்டா சீஸும் வைத்த கொழுக்கட்டை போன்ற ஷ்லுட்ஸ்கிராப்ஃபன், கீரை உருண்டைகள், காளான் போட்ட பொலெண்டா (மக்காச்சோளக் களி), பாஸ்தா எல்லாம் குடில்களிலேயே கிடைக்கும். லடின் மொழி பேசும் அந்தப் பள்ளத்தாக்கில் கீரை வைத்துப் பொரிக்கும் துர்த்ரெஸ் என்ற பலகாரத்தை எங்கே பார்த்தாலும் வாங்கிவிடுங்கள். உருண்டைகளில் பன்றி இறைச்சித் துண்டு போட்ட வகையும் உண்டு, கேட்டுவிட்டே சொல்லுங்கள். சூப் எந்தச் சாறில் வைத்தது என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறுதான்.

மதியச் சாப்பாட்டில் இன்னொரு பயனும் இருக்கிறது. முதல் மூன்று நாள் காலையில் அவர் வகுப்பில் இருப்பார், நீங்கள் உங்கள் போக்கில் சுற்றலாம். பகல் பன்னிரண்டரைக்கு இருவரும் சந்திக்கும் குடில் ஒன்றை முதலிலேயே பேசி வையுங்கள். அது கோண்டோலா உச்சிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நடந்து வருபவருக்கும் கோண்டோலாவில் தனி டிக்கெட் கிடைப்பதால், அவருக்கு ஸ்கீ இன்னும் கைகூடாத நாளிலும் மேலே வந்து வெயிலில் உட்கார முடியும். வாரம் முழுக்க அவர் கீழேயும் நீங்கள் மேலேயுமாக இருந்தால் அது இருவரும் சேர்ந்து போன பயணமே இல்லை.

வகுப்பு விஷயத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வேன்: நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஒரே ஒரு மணி நேரம்கூட. நன்றாக ஸ்கீ செய்வதும் கற்றுத்தருவதும் வேறு வேறு திறமை. கணவனோ மனைவியோ சொல்லித்தரும்போது ஒவ்வொரு திருத்தமும் குறை சொல்வதுபோலக் காதில் விழும். கற்பவரும் பயத்தை மறைத்துக்கொண்டு "சரி சரி" என்று தலையாட்டுவார். ஐந்து நாள் காலைக் குழு வகுப்பில் சேர்த்துவிடுங்கள். நடுவில் ஒரு நாள், மூன்றாம் நாள் என்றால் நல்லது, தனி ஆசிரியரை இரண்டு மணி நேரத்துக்கு வையுங்கள். அதற்குள் சேர்ந்திருக்கும் தவறுகளை அவர் சரிசெய்வார். பள்ளிக்கு முன்கூட்டியே எழுதி மூன்று விஷயம் கேளுங்கள்: அந்த வாரம் பெரியவர்களுக்கான தொடக்கக் குழு கட்டாயம் நடக்குமா, ஒரு குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், ஆங்கிலத்தில் சொல்லித்தருவார்களா? கூட்டம் குறைந்த வாரங்களில் பெரியவர் குழுவுக்கு ஆள் சேராமல் நேரத்தைக் குறைத்துவிடுவது நடக்கும். வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்களில் தொடங்குவதால் சனிக்கிழமையே போய்ச் சேர்ந்து, அன்று மாலையே வாடகை ஸ்கீ பூட்ஸைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மதியத்துக்குப் பின் சேர்ந்து போகும்போது வேகம், பாதை, நிறுத்தம் மூன்றையும் அவர் தீர்மானிக்கட்டும். "இந்தச் சிவப்பு ரொம்ப ஈஸி, வாங்க" என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து அந்த வாரம் வரவே கூடாது. முன்னால் போவதா பின்னால் வருவதா என்று அவரையே கேளுங்கள். சிலருக்கு முன்னால் ஒரு தடம் தெரிந்தால் தைரியம், சிலருக்குப் பின்னால் ஆள் இருப்பது தைரியம். உலக ஸ்கீ கூட்டமைப்பின் நடத்தை விதிகளில் ஒன்றை முதல் நாளே சொல்லிவையுங்கள்: கீழே போய்க்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருபவர்தான் விலகிப் போக வேண்டும். பின்னால் வரும் சத்தத்துக்காக அவர் ஓரமாகப் பதறி ஒதுங்க வேண்டியதில்லை.

காலம் பற்றி. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 வரையும், பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும் கார்னிவல் பள்ளி விடுமுறை வாரங்களும் வேண்டவே வேண்டாம். விலையும் அதிகம், கற்கும் சரிவில் நிற்க இடமும் இருக்காது. ஜனவரி நடுவில் பனியும் விலையும் நல்லது, ஆனால் கற்கும் சரிவில் வரிசையில் நின்று காத்திருப்பவருக்குக் குளிர் எலும்பில் இறங்கும். அவர் கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டாவது குளிர்காலத்தில்தான் இருக்கிறார் என்பதால் மார்ச் முதல் பாதி என்கிறேன். பகல் நீளம், வெயில் இதம். பிற்பகலில் தெற்கு நோக்கிய சரிவுகளில் பனி கஞ்சிபோல இளகும். அதில் முட்டிக்கு வேலை அதிகம், ஆகவே இரண்டு மணிக்கே நிறுத்திவிடுங்கள்.

பாஸ் வாங்குவதில் பணம் மிச்சப்படுத்தலாம். டோலோமிட்டி சூப்பர்ஸ்கி ஆறு நாள் பாஸ் உச்சப் பருவத்தில் 400 யூரோவைத் தாண்டும். அது உங்களுக்குத் தேவை. அவருக்கு முதல் நாளே அதை வாங்காதீர்கள். முதல் இரண்டு நாள் கற்கும் சரிவு லிஃப்ட்டுக்குத் தனிச் சவாரியாகவோ, சவாரிக்குச் சவாரி புள்ளி கழியும் அட்டையாகவோ வாங்கலாமா என்று டிக்கெட் கவுண்டரில் கேளுங்கள். பிறகு அல்டா பாடியாவுக்கு மட்டுமான பாஸ் போதும். செல்லா ரோண்டாவுக்கு அவரை அழைத்துப்போகும் எண்ணம் இந்த முறை வேண்டாம். சுற்றில் சில சிவப்புகள் தவிர்க்க முடியாதவை, பாதி வழியில் நின்றுவிட்டால் திரும்புவது கஷ்டம்.

இத்தாலியில் 2022 ஜனவரி 1 முதல், அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் ஸ்கீ பாதையில் இறங்கக் கூடாது என்பது சட்டம். ஜெர்மனியில் உங்களுக்குத் தனிநபர் பொறுப்புக் காப்பீடு இருந்தால் பெரும்பாலும் அது போதும். கணவரின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பார்த்து, சான்றை போனில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாஸோடு சேர்த்தே நாள் கணக்கில் வாங்கலாம். மலை மீட்புச் செலவையும் ஹெலிகாப்டரையும் உங்கள் காப்பீடு ஏற்குமா என்று தனியாகக் கேளுங்கள். ஹெல்மெட் வாடகைக்கே கிடைக்கும், இருவரும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கீ பூட்ஸ்தான் முதல் வாரத்தை ஆக்குவதும் கெடுப்பதும். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி சாக்ஸ் போடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. இரத்த ஓட்டம் தடைபட்டு கால் இன்னும் அதிகமாகச் சில்லிடும். முழங்கால் வரை வரும் மெல்லிய ஸ்கீ சாக்ஸ் ஒன்றே போதும். வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் அன்றே கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஜாக்கெட், பேன்ட்டெல்லாம் முதல் முறைக்குக் கடன் வாங்கலாம். நல்ல கையுறையும் கண்ணாடியும் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். சன்ஸ்கிரீனை மறக்க வேண்டாம், கறுத்த தோலையும் பனிவெயில் சுட்டுவிடும்.

மியூனிக்கிலிருந்து கொர்வாரா சுமார் 300 கிலோமீட்டர், காரில் நான்கு மணி நேரம். ஆஸ்திரிய நெடுஞ்சாலைகளுக்கான வின்யெட் (கட்டண வில்லை) போக, பிரென்னர் நெடுஞ்சாலைக்குத் தனிக் கட்டணமும் உண்டு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பாதி பவேரியாவோடு சேர்ந்து நிற்பீர்கள். வெள்ளி இரவோ விடியற்காலையோ நல்லது. ரயிலில் என்றால் ஃப்ரான்ஸென்ஸ்ஃபெஸ்டேயில் மாறி புரூனெக், அங்கிருந்து பேருந்து.

இதற்கெல்லாம் முன்னால் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஏர்வால்டர் ஆல்ம் என்ற ஸ்கீ பகுதிக்குக் கூட்டிப்போங்கள். மியூனிக்கிலிருந்து ஒரு நாளில் போய்வரலாம். கோண்டோலா மேலே 1,500 மீட்டரில் இறக்கிவிடும், சுக்ஷ்பிட்ஸ மலையின் அடியில் மெல்லிய சரிவுகள். இரண்டு மணி நேர வகுப்பு ஒன்று போதும். பூட், பனி, குளிர் மூன்றும் அவருக்கு எப்படி இருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும். அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் மார்ச் வாரத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. கொர்வாராவில் பனி நடை, கோண்டோலா, குடில் சாப்பாடு என்று அவருக்கு வாரம் நன்றாகவே போகும், நீங்கள் மட்டும் ஸ்கீ பாஸ் வாங்கினால் போதும். பிடித்துவிட்டால் அன்று மாலையே பள்ளிக்கு எழுதிக் குழு வகுப்பில் இடம் பிடியுங்கள்; அறையை அதற்குப் பிறகு, கற்கும் சரிவிலிருந்து ஸ்கீ பூட்ஸோடு நடக்கக்கூடிய தூரத்தில் பாருங்கள்.